அத்தான் பார்த்த இரண்டு வெள்ளை

என் அக்கா வீட்டுக்காரருக்கு அவர் வேலை பார்க்கும் ஆலையில் 'ரிஜெக்ட்டு' என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் சொல்ல மாட்டார்கள். நாலடி தள்ளிப் போனதும் சொல்வார்கள். அவருக்கும் அது தெரியும். கோபமெல்லாம் கிடையாது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை என்றுதான் எனக்குத் தோன்றும்.

துணிக்குச் சாயம் ஏற்றும் ஆலை அது. வாடிக்கையாளர் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துணித்துண்டைக் கொடுத்து, இதே நிறத்தில் ஒரு லாரித் துணி வேண்டும் என்பார். சாயக்காரர்கள் போட்டு எடுத்துக்கொண்டு வருவார்கள். அத்தான் அந்தத் துண்டையும் இந்தத் துணியையும் ஓரத்தோடு ஓரம் சேர்த்து வைத்துப் பார்த்து, ஒன்றா இல்லையா என்று சொல்ல வேண்டும். வேலை அவ்வளவுதான். இதற்கு ஒரு சாம்பல் நிறக் கோட்டு வேறு கொடுத்திருக்கிறார்கள். போட்டிருக்கும் சட்டையின் நிறம் துணிமேல் அடித்துப் பார்வையைக் கெடுத்துவிடுமாம். "ஒரு பொட்டு சிவப்பு ஏறியிருக்கு" என்பார் அத்தான். சாயக்காரர் பெற்ற பிள்ளைமேல் சத்தியம் செய்வார். அத்தான் அசைய மாட்டார். கடைசியில் மெஷினில் வைத்துப் பார்த்தால் ஒரு பொட்டு சிவப்பு ஏறித்தான் இருக்கும்.

ஆலைக்கு அது நல்லதுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மனுஷன் அந்தக் கண்ணைக் கோட்டோடு சேர்த்துக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வர வேண்டாமா? அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். டீ நேற்றையதைவிட ஒரு நூல் கறுப்பு. தலையணை உறை இரண்டும் ஒரே வெள்ளை இல்லை. கல்யாணப் போட்டோவில் அக்கா முகம் ஒரு பக்கத்தில் ஒரு நிறம், மறுபக்கத்தில் வேறு நிறம் என்று ஸ்டுடியோவுக்குத் திருப்பித் திருப்பி அனுப்பி, ஆல்பம் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பையன் தவழ்ந்துகொண்டிருந்தான். ஒருமுறை அவர் சட்டையில் அறுந்துபோன பொத்தானை அக்கா தைத்துக் கொடுத்தாள். மற்ற பொத்தான்களின் வெள்ளை வேறு, இதன் வெள்ளை வேறு என்றார். அக்கா கத்தரிக்கோலை எடுத்து அத்தனை பொத்தானையும் வெட்டி அவர் கையில் கொட்டிவிட்டுப் போய்விட்டாள். அவர் என்ன செய்தார் என்கிறீர்கள்? ஜன்னலோரம் உட்கார்ந்து பொத்தான்களைப் பிரித்து அடுக்கினார். "பாத்தியாம்மா, இதுலயே மூணு ரகம் இருக்கு" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது!

தங்கமானவர். அதைச் சொல்லாமல் விட்டால் என் நாக்கு அழுகிவிடும். எனக்கு மஞ்சள் காமாலை வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஷிப்டு முடிந்து நேரே வந்து வராந்தா பெஞ்சிலேயே படுத்துக் கிடந்தார். அக்காவை வீட்டுக்கு அனுப்பித் தூங்க வைத்தார். தினமும் காலையில் என் கண் இமையை இழுத்துப் பார்த்து, "நேத்தைக்கு இன்னைக்கு ஒரு பொட்டு குறைஞ்சிருக்கு" என்பார். மத்தியானம் ரத்தப் பரிசோதனை முடிவு வரும். அதுவும் அதையேதான் சொல்லும். டாக்டரே கடைசி நாட்களில் என்னைப் பார்க்குமுன் அவரைப் பார்த்து, "இன்னைக்கு எப்படிங்க?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

இனி அந்த அறைக்கு வருகிறேன்.

அக்காவின் பையனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. அங்கேயே கல்யாணமும் ஆகி வீடும் பிடித்துவிட்டான். "இனிமே என் ரூமை எதுக்கு வேணும்னாலும் வச்சுக்கங்கம்மா" என்று போனில் சொன்னான். வீடு சின்னது. ஒரு ஹால், ஒரு சமையலறை, இவர்கள் படுக்கும் அறை, பையனின் அறை. போனை வைத்த கையோடு அக்கா சொல்லிவிட்டாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

"அந்த ரூம் எனக்கு."

"உனக்கா? எதுக்கு?" என்றார் அத்தான்.

"சும்மா இருக்க."

"சும்மா இருக்கவா? தையல் மெஷின் போடப் போறியா?"

"இல்ல."

"டிவியை அங்க மாத்தணுமா?"

"இல்லங்க."

"பின்ன உள்ள உக்காந்து என்னதான் பண்ணுவ?"

"கதவைச் சாத்திக்கிட்டு ஒண்ணும் பண்ணாம இருப்பேன். அதுக்குத்தான் ரூம்."

அத்தான் என் பக்கம் திரும்பினார். "சும்மா இருக்கிறதுக்கு ஹால் பத்தாதாம்மா?"

எனக்குச் சுரீர் என்றது. அந்த ஹாலில் அக்கா சும்மா இருந்து யார் பார்த்தார்கள்? நாங்கள் ஐந்து பிள்ளைகள், ஒரே அறையில் கால்மேல் கால் பட வளர்ந்தவர்கள். அங்கேயிருந்து நேரே இந்த வீட்டுக்கு வந்தாள். இங்கே அவள் நாற்காலியில் சாய்ந்த மறு நிமிஷம், "இங்க வந்து பாரேன், இது ரெண்டும் ஒரே நீலமா?" என்று குரல் வரும். அவளுக்கென்று தாழ்ப்பாள் இருந்த ஒரே இடம் குளியலறை. அங்கேயும் வெளியில் நின்று, "அந்தப் பச்சைத் துண்டு எங்க? கரும்பச்சை இல்ல, இன்னொண்ணு" என்று கேட்பார். ஐம்பத்தைந்து வயதில் ஒரு மனுஷி கேட்டது நகையா நட்டா? நாலு சுவரும் ஒரு கதவும்.

அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டே வாங்கியிருப்போம். "தாராளமா எடுத்துக்கோ. ஆனா சுவரெல்லாம் அழுக்கா இருக்கு. பெயின்ட் அடிச்சுட்டுப் போ" என்றார். அக்காவும் சந்தோஷமாகத் தலையாட்டினாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

பெயின்ட் கடையிலிருந்து கலர் அட்டை வந்தது. அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. வெளிறின நிறமாக இருக்க வேண்டும், கண்ணை உறுத்தக் கூடாது. அட்டையைத் திறந்தால் வெள்ளை மட்டுமே ஒரு பக்கம் முழுக்க இருந்தது. அத்தானுக்குக் கொண்டாட்டம். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். இதில் நீலம், இதில் சாம்பல், இது செத்த வெள்ளை, இது ஆஸ்பத்திரி. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துக் கொட்டாவி விட்டாள். கடைசியில் இரண்டு மிஞ்சின. அட்டையில் அவற்றுக்கு வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயர்கள். என் கண்ணுக்கு ஒன்று கெட்டிப் பால், இன்னொன்று அதே பாலில் பால்காரர் கொஞ்சம் தண்ணீர் விட்டது. நான் கிண்டலுக்குச் சொன்ன அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கெட்டி, தண்ணி.

பெயின்டர் வந்தார். நாற்பது வயதிருக்கும், எதற்கும் "சரிங்க" என்பார். அதற்குமேல் அவர் வாயிலிருந்து சொல் வாங்குவது கஷ்டம். இரண்டு டப்பாவும் வந்தன. அத்தான் சொன்னபடி மார்பு உயரத்தில், சுவரில் இரண்டு சதுரம், நடுவில் மயிரிழை இடைவெளி இல்லாமல் ஓரத்தோடு ஓரம் அடித்துக் கொடுத்தார். அடித்துவிட்டுத் தள்ளி நின்றார்.

"பெயின்டரே, கொஞ்சம் வெளிய நில்லுங்க. உங்க சிவப்புச் சட்டை சுவர்ல அடிக்குது" என்றார் அத்தான்.

பெயின்டர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். "சரிங்க" என்று வெளியே போனார். அடுத்து அக்காவின் ரோஸ் நைட்டி அடித்தது. அவளும் வெளியே வந்தாள். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை பார்ப்பவள், எங்கள் யூனிபார்ம் பளிச்சென்று மஞ்சள். நான் வாசல்படியில் கால் வைக்கும்போதே கையைக் காட்டித் தடுத்துவிட்டார். "நீ வராதம்மா. நீ வந்தா ரெண்டுக்குமே மஞ்சள் காமாலை."

ஆட்கள் போனதும் சாமான்களின் முறை. கட்டில் பழுப்பு, பீரோ நீலம், மேஜை சிவப்பு மரம். எல்லாமே அடிக்கிறதாம். பெயின்டரும் அவருமாகத் தூக்கிக் கொண்டுவந்து ஹாலில் போட்டார்கள். சமையலறையிலிருந்து வாசலுக்குப் போக உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நண்டு மாதிரி நடக்க வேண்டியதாயிற்று. அக்கா உட்காரும் நாற்காலிக்கு ஹாலில் இடமில்லை. அது சமையலறைக்குப் போய், சிலிண்டருக்கும் தொட்டிக்கும் நடுவில் செருகிக்கொண்டது. அறை கேட்டவளுக்கு இருந்த ஹாலும் போனது.

ஹால் சுவர் வெளிர் பச்சை. திறந்த கதவு வழியாக அந்தப் பச்சை உள்ளே வருகிறது என்று மறுநாள் கண்டுபிடித்தார். "கதவைச் சாத்தினாத்தான் உள்ளது உள்ளபடி தெரியும்" என்றார். அன்றிலிருந்து கதவு சாத்தப்பட்டது.

அவருக்குக் காலை ஷிப்டு. இரண்டரை மணிக்கு வீட்டுக்கு வருவார். அந்த அறைக்கு வடக்குப் பார்த்த ஜன்னல், வெயில் நேராக விழாது. நிறம் பார்க்க அதைவிட உத்தமமான வெளிச்சம் உலகத்திலேயே இல்லையாம். சாப்பிட்டதும் ஆலையிலிருந்து கேட்டு வாங்கி வந்த சாம்பல் கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போவார். தாழ்ப்பாள் விழும். சாயங்காலம் ஆபரேஷன் முடித்த டாக்டர் மாதிரி வெளியே வருவார்.

"என்ன ஆச்சுங்க?" என்பாள் அக்கா.

"இன்னும் காயல."

அடுத்த முறை கேட்டால், "காஞ்சிருச்சு. காஞ்சதும் கெட்டி ஆளே மாறிடுச்சு" என்பார். அப்புறம் ஒருநாள் மேகமூட்டம். அப்புறம் ஒருநாள் தண்ணியில் ஒரு பொட்டு பச்சை தெரிந்தது. அது பெயின்டிலேயே இருப்பதா, பக்கத்து வீட்டு மரத்தின் உபயமா என்று பார்க்க வேண்டும். பெயின்டர் வந்து வந்து நின்று, "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். பிறகு வேறு வீட்டில் வேலை கிடைத்து அங்கே போய்விட்டார். டப்பாக்கள் இரண்டும் அக்காவின் கட்டிலடியில் தூங்கின.

நான் முதலில் என்ன நினைத்தேன் என்றால், மனுஷன் வேண்டுமென்றே இழுக்கிறார் என்று. அதற்குக் காரணமும் இருந்தது. ஒருநாள் அவரை ஆலை வாசலில் பார்த்து என் காரில் ஏற்றிக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் திடீரென்று கேட்டார்.

"உங்க அக்காவுக்கு என்மேல ஏதாவது வருத்தமாம்மா?"

"ஏன் அத்தான்?"

"கல்யாணம் ஆகி இத்தனை வருஷம் கழிச்சு ஒருத்தி தனியா கதவைச் சாத்திக்கணும்னா என்ன அர்த்தம்? நான் இருக்கிற இடத்துல அவளுக்கு இருக்கப் பிடிக்கலைன்னுதானே?"

நான் பிரேக்கை ஒரு அழுத்து அழுத்தினேன். என் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். பொறுமை முழுவதையும் கிளட்ச் தெரியாதவர்களிடம் ரோட்டிலேயே செலவழித்துவிடுவதால் சொந்தக்காரர்களுக்கு மிச்சம் இருப்பதில்லை. "பிடிக்காதவ இத்தனை வருஷம் உங்க டீயைப் போட்டுக்கிட்டு இருப்பாளா? அதை அவகிட்டயே கேளுங்க" என்று கத்தினேன். அவர் கேட்கவில்லை. ஒரு பெண்டாட்டியிடம் அதைக் கேட்பதைவிட இரண்டு வெள்ளையை ஒப்பிட்டுப் பார்ப்பது எந்த ஆம்பளைக்கும் சுலபம்தான்.

இதற்கிடையில் உள்ளே ஒரு ஸ்டூல் போயிற்று. நின்றுகொண்டே பார்த்தால் கால் வலிக்கிறதாம். ஸ்டூலில் முதுகு பிடித்ததால் ஒரு நாற்காலி போயிற்று. நாற்காலிக்கு ஒரு குஷன். அப்புறம் ஒரு தண்ணீர்ச் செம்பு. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். குஷன் குஷனாகப் பிடுங்கி அப்போதுதான் பார்த்தேன்.

ஒரு மத்தியானம் என்னிடம் ஓட்டக் கற்றுக்கொள்ள வரவேண்டியவர் வரவில்லை. அக்கா வீட்டுக்குப் போனேன். நண்டு நடை நடந்து சமையலறைக்குப் போனால், சிலிண்டருக்கும் தொட்டிக்கும் நடுவில் உட்கார்ந்து அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"உள்ளயா?" என்றேன்.

"உள்ளதான்."

"நான் போய் ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வர்றேன்."

"கதவைத் தட்டாதடி. வெளிச்சம் கலைஞ்சு போச்சுன்னு மறுபடி முதல்லருந்து ஆரம்பிப்பார்."

நான் கதவைத் தட்டவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பக்கத்துச் சந்துக்குள் போனேன். வடக்கு ஜன்னல் அங்கேதான் திறக்கிறது. எட்டிப் பார்த்தேன்.

அத்தான் நாற்காலியில் இருந்தார். சாம்பல் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் தொங்கவிட்டிருந்தார். கால் இரண்டும் ஸ்டூல்மேல். கெட்டியும் தண்ணியும் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தன. அவர் பார்த்துக்கொண்டிருந்தது எதிர்ச் சுவரை, அதில் பார்க்க ஒன்றுமே கிடையாது. தூங்கவில்லை. கண் திறந்துதான் இருந்தது. கை இரண்டும் மடியில் கிடந்தன. பொத்தானையும் துணியையும் பார்த்துப் பார்த்து எப்போதும் சுருங்கியே இருக்கும் அந்த நெற்றி, இஸ்திரி போட்ட மாதிரி விரிந்து கிடந்தது. கட்டைவிரல் மட்டும் ஏதோ பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. இந்த முகத்தை நான் அவரிடம் பார்த்ததே இல்லை.

ஓடிப்போய் அக்காவை இழுத்துவந்தேன். கையை நைட்டியில் துடைத்துக்கொண்டே வந்தவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு சந்தின் முனைக்கு வந்தாள்.

"அவர் கலரைப் பாக்கவே இல்லடி" என்றாள்.

"பாத்தேனே."

"சும்மா இருக்கார்."

"அதையும்தான் பாத்தேன்."

"என் ரூம்ல, நான் கேட்ட மாதிரியே, அவர் இருந்துக்கிட்டு இருக்கார்டி. எதுக்கு ரூம்னு கேட்ட மனுஷன்!" கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. வெங்காயம் பாதி, இது பாதி. "எனக்கு அழுகையா வருது. நான் அங்க தொட்டிப் பக்கத்துல உக்காந்து, பாவம் எனக்காக இவ்வளவு மெனக்கெடுறாரேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன்."

எனக்கு ரத்தம் கொதித்தது. "கதவை உடைச்சு ரெண்டு டப்பாவையும் அவர் தலையில ஊத்தட்டுமா?"

"சும்மா இருடி" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா அவர் முகத்தைப் பாத்தியா? அவ்வளவு நல்லா இருக்குமாடி அது? நான் நினைச்சதைவிட நல்லா இருக்கும்போல இருக்கே. இனிமே என்னால ஒருநாள்கூடப் பொறுக்க முடியாது."

சாயங்காலம் அத்தான் கோட்டோடு வெளியே வந்தார். "ரெண்டும் நெருங்கி வருது. அவசரப்பட்டா கெட்டுடும். இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம்" என்றார்.

"பாருங்க" என்றாள் அக்கா. அவ்வளவுதான் சொன்னாள். பொத்தான்களை வெட்டுவதற்கு முன்னால் அவள் முகம் எப்படி இருந்ததோ அப்படித்தான் இருந்தது.

மறுநாள் அவர் ஆலைக்குக் கிளம்பிப் போன உடனே அக்கா பெயின்டருக்குப் போன் போட்டாள். எனக்கும் போட்டாள். நான் லீவு சொல்லிவிட்டு வந்து சேர்ந்தபோது பெயின்டர் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அதே சிவப்புச் சட்டை.

"எந்தக் கலருங்க?" என்று கேட்டார். அவர் வாயிலிருந்து 'சரிங்க' தவிர வேறு சொல் வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அக்கா இரண்டு சதுரத்தையும் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கடையில் வாழ்க்கை முழுக்கக் காய்கறி வாங்கியவள் கத்தரிக்காயைப் பார்ப்பாளே, அந்த அளவு நேரம்கூட இல்லை. விரலை நீட்டி, "அது" என்றாள்.

"சரிங்க."

"ஏன்க்கா அது? ஏன் இன்னொண்ணு இல்ல?" என்றேன்.

"சும்மாதான்" என்றாள் அக்கா. எனக்குச் சிரிப்பு வந்து அப்படியே அத்தானின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாள் ஒரு நிபுணர் கோட்டுப் போட்டுக்கொண்டு பார்த்த வேலை! பெயின்டர்கூடத் திரும்பி நின்று தோளைக் குலுக்கிச் சிரித்தார்.

மத்தியானத்துக்குள் இரண்டு கை அடித்து முடித்துவிட்டார். ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போட்டுக் காயவிட்டோம். பிறகு மூன்று பேருமாகக் கட்டிலையும் பீரோவையும் மேஜையையும் சுவரில் படாமல் உள்ளே கொண்டுபோனோம். ஸ்டூல், குஷன், செம்பு மூன்றும் வெளியே வந்தன. மிச்ச பெயின்ட் இருந்த இரண்டு டப்பாவையும் பெயின்டரையே எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள் அக்கா. டப்பா வீட்டில் இருந்தால் எது குறைந்திருக்கிறது என்று அத்தான் பார்த்துவிடுவார் இல்லையா? எனக்கும் வாய்ப்பூட்டு போட்டாள். "அவர்கிட்ட எந்தக் கலர்னு சொன்ன, அப்புறம் நீ எனக்குத் தங்கச்சியே இல்ல" என்றாள். அதனால் எந்த நிறம் என்று உங்களுக்கும் சொல்லப் போவதில்லை. யாராவது அவரிடம் போய் உளறிவைப்பீர்கள்.

பிறகு அக்கா முகம் கழுவிக்கொண்டு, நைட்டி மாற்றிக்கொண்டு, என்னிடம் "வரேன்டி" என்று ஊருக்குக் கிளம்புகிறவள் மாதிரி சொல்லிவிட்டு உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது.

இரண்டரைக்கு அத்தான் வந்தார். ஹால் காலியாக இருப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றார். மூக்கை உறிஞ்சினார். நேரே கதவுக்குப் போய்த் தள்ளினார். திறக்கவில்லை. ஒரு நிமிஷம் அதன் முன்னால் நின்றுவிட்டு விரலால் தட்டினார்.

"யாரு?" என்றாள் அக்கா உள்ளேயிருந்து.

வீட்டில் இருப்பதே இரண்டு பேர். நான் ஹாலில் உட்கார்ந்திருக்கிறேன். அத்தான் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"நான்தான்."

"என்ன வேணும்?"

அந்த வீட்டில் அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "எந்தக் கலர் அடிச்ச?"

"அடிச்சாச்சு."

"எதுன்னு பாக்கணுமே."

"பாக்கலாம். நான் வெளிய வந்தப்புறம்."

"எப்ப வருவ?"

"தெரியல."

அவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கோட்டு கையில் மடித்தபடி இருந்தது. "கெட்டிதானே?" என்று மெதுவாகக் கேட்டார். நான் கல்லுளிமங்கி மாதிரி இருந்தேன். "தண்ணியா? தண்ணின்னா ட்யூப் லைட்ல பச்சை தட்டுமே..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். கோட்டின் கையை விரித்து விரித்து மடித்தார்.

"நான் சொன்னேன் இல்லம்மா? அவளுக்கு என்கூட இருக்கப் பிடிக்கல" என்றார்.

திட்டத் தயாராக இருந்தேன், வார்த்தைகள்கூட வரிசையில் நின்றன. அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. பாவமாக இருந்தது.

"அத்தான், நேத்து மத்தியானம் சந்துல நின்னு நாங்க ரெண்டு பேரும் உங்களைப் பாத்தோம்" என்றேன்.

அவருக்கு முகம் சிவந்தது. ஒரு பொட்டு இல்லை, நிறையவே. "பாத்தீங்களா?"

"பாத்தோம். முதுகைக் காட்டிக்கிட்டு நல்லா கலர் பாத்தீங்க."

"முதல் ரெண்டு நாள் நிஜமாவே பாத்தேம்மா" என்றார், குரலைத் தாழ்த்தி. "மூணாவது நாள் பாத்து முடிச்சுட்டு உடனே எந்திரிக்கத் தோணல. கண்ணுக்கு வேலையே இல்லாம இருந்துச்சு. அது... அது ரொம்ப நல்லா இருந்துச்சு. வெளிய வந்து சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"அப்ப உங்களுக்கு அக்காகூட இருக்கப் பிடிக்கலையா?"

"சேச்சே! என்னம்மா பேசுற? அவ வெளிய இருக்கான்னு தெரியுமே. பாத்திரம் உருட்டுற சத்தம் கேக்கும். குழாய் திறக்குற சத்தம் கேக்கும். அவ இருக்கான்னுதானே நான் உள்ள நிம்மதியா..."

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று வாயை மூடினார். நான் ஒன்றும் சேர்க்கவில்லை. சேர்க்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னிடம் ஓட்டக் கற்றவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து, "சரி, நான் கடைப்பக்கம் போயிட்டு வரேன்" என்று எழுந்தார். வாசலில் ஒரு செருப்பை மாட்டினார். இன்னொன்றில் காலை நுழைத்தவர் அப்படியே நின்று, சாத்தியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இரண்டையும் கழற்றிவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். உள்ளே சத்தமில்லை. எழுந்து சமையலறைக்குப் போய் ஒரு பாத்திரத்தை எடுத்து, தேவையே இல்லாமல் தொட்டியில் போட்டு உருட்டினார். குழாயைத் திறந்து மூடினார். திரும்பி வந்து மறுபடி ஒருமுறை செருமினார்.

"தெரியுதுங்க" என்றாள் அக்கா உள்ளேயிருந்து. "அங்கயே இருங்க."